பிரேக் பேடை வீட்டில் மாற்றலாம், ஸ்ட்ரட்டில் கை வைக்காதீர்கள்

யூடியூபைப் பார்த்து வீட்டு வாசலிலேயே பிரேக் பேட் மாற்றுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். கோவையில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. முன்சக்கர டிஸ்க் பேட் மாற்றுவது, பொறுமையும் நல்ல ஸ்பேனர் செட்டும் இருந்தால் கைவரக்கூடிய வேலைதான். ஆனால் வீட்டில் கை வைத்த பிறகு பட்டறைக்கு வரும் வண்டிகளைப் பார்த்தால், பேட் பெரும்பாலும் சரியாகவே மாட்டப்பட்டிருக்கும். கோளாறு அதைச் சுற்றித்தான் இருக்கும். வண்டியை எதன் மேல் நிறுத்தினார்கள், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகட்டைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கிற காலிப்பரை எங்கே தொங்கவிட்டார்கள், வேலை முடிந்ததும் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் வீடியோவில் சில நொடிகளில் ஓடிவிடுகிற விஷயங்கள்.

காரோடு கொடுக்கிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. பாரம் ஓரிடத்தில் குவியும்போது அந்தக் கல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொலபொலவென்று நொறுங்கிவிடும். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்க மனமில்லை என்றால் இந்த வேலையே வேண்டாம். நம் வீடுகளில் போர்டிகோவிலிருந்து ரோட்டுக்குச் சரிவு இருக்கும், அந்தச் சரிவிலும் வண்டியைத் தூக்காதீர்கள். தரையில் நிற்கிற சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்ட் சறுக்கினாலும் உங்கள் மேல் விழாமல் அது தாங்கும்.

பேடின் தேயும் பகுதி புதிதில் ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்பதற்கான அளவு பெரும்பாலும் அந்த டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், துருவைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். காலிப்பரைக் கழற்றியதும் பிரேக் ஆயில் வருகிற ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. ஒரு பேட் தேய்ந்து அதே டிஸ்க்கின் மறுபக்கத்துப் பேட் புதிது போலவே இருந்தால், காலிப்பர் நகர்வதற்கு உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சுத்தம் செய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் அப்படித்தான் தேயும். சுத்தம் செய்த ஸ்லைடு பின்னுக்குச் சக்கர பேரிங் கிரீஸைப் பூசாதீர்கள், அது ரப்பரை ஊதிப் போகச் செய்யும். பிரேக்குக்கென்று விற்கிற சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும்.

புது பேட் தடிமனாக இருப்பதால், காலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளுகிற பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்ட முடியும். தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். இடையில் யாராவது நிரப்பி வைத்திருந்தால் வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இது சின்ன விஷயம். பெரிய விஷயம், தள்ளிய பிஸ்டனுக்கும் பேடுக்கும் இடையில் இப்போது இடைவெளி இருக்கிறது. முதல் தடவை மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. அதனால் இஞ்சினைக் கிளப்பும் முன்பே பெடல் கல் மாதிரி இறுகும் வரை மெதுவாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். ரிவர்ஸ் எடுத்து எதிர்வீட்டு கேட்டில் இடித்துவிட்டு எங்களிடம் வந்த வண்டிகளில் பேட், காலிப்பர் எல்லாம் சரியாகவே இருந்தன. இந்த ஒரு நிமிட வேலையைத்தான் விட்டிருந்தார்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தர அளவில் சொல்லியிருப்பது 155 டிகிரிதான். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பழைய ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு போல ஆகிவிடும். புது பேட் அதைக் காப்பாற்றாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், திறந்து நாளாகிவிட்ட பாட்டிலை ஊற்றாதீர்கள். பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கும் வேலையைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் சில வண்டிகளில், வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஸ்கேனர் இல்லாமல் அது வெளியே வராது.

பின்சக்கர டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள், ஏர் அடிக்கவும் வேண்டாம். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம். ஈரத்துணியோ பிரேக் கிளீனரோ போதும். பின்னாலும் டிஸ்க் இருந்து, பட்டன் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியாக இருந்தால் பிஸ்டனை அழுத்தித் தள்ள முயல வேண்டாம். பெரும்பாலும் ஹேண்ட்பிரேக்கைப் பழுதுபார்க்கும் நிலைக்கு (சர்வீஸ் மோடு) மாற்றித்தான் அதைத் தொட வேண்டும்.

இனி சஸ்பென்ஷன். பள்ளத்தில் டக் டக்கென்று சத்தம் கேட்டால் பல நேரம், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கிற லிங்க் ராடுதான் காரணம், அதை வீட்டிலேயே மாற்றலாம். சக்கரத்தை அடியில் பாடியோடு இணைக்கிற லோயர் ஆர்மை மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே அதன் ரப்பர் புஷ்ஷில் போகிற போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். கையால் பிடிக்க வைத்துவிட்டு, பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு கடைசி முறுக்கு கொடுங்கள்.

ஷாக் அப்ஸார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்க ஸ்ட்ரட் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சக்கரம் தொங்கினாலும் அதிலுள்ள காயில் ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது நடுவிலுள்ள ஒரே நட். பல கார்களில் பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் சுற்றி இரண்டு மூன்று சின்ன நட், நடுவில் பெரிய நட் தெரியும். சுற்றியுள்ளவை ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடிப்பவை. தெரியாமல் ஸ்பிரிங்கைக் கருவியால் அமுக்கிப் பிடிக்காமலே நடு நட்டைக் கழற்றினால் அது முகத்தை நோக்கித் தெறிக்கும், உயிர் போகலாம். ஆன்லைனில் கிடைக்கிற ஸ்பிரிங்கை அமுக்குகிற இரண்டு கொக்கி கம்ப்ரஸரும் ஒரு பக்கம் வழுக்கினால் அதே கதைதான்.

ஸ்ட்ரட்டை நடு நட்டைத் தொடாமல் முழுதாகக் கழற்றி எடுத்து வந்தால், ஷாக்கை மட்டும் மாற்றிக் கொடுக்கிற பட்டறைகள் உண்டு, நானும் செய்து கொடுக்கிறேன். திரும்ப மாட்டியதும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்காமல் நெடுந்தூரம் போகாதீர்கள். வீல் நட்டுகளை நட்சத்திர வடிவில் மாற்றி மாற்றி, மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.