நாட்டு மாட்டின் மதிப்பைப் பால் கணக்கு மட்டும் சொல்லாது

சிங்கப்பூரில் பிற்பகல் வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மாட்டின் வெப்ப அயர்ச்சியை அளக்கும் வெப்ப-ஈரப்பதக் குறியீட்டில் இது ஏறத்தாழ 83. நள்ளிரவில் 25 டிகிரி, 95 விழுக்காடு என்றாலும் 76 வந்துவிடும். அதிகப் பால் தரும் ஐரோப்பிய இனமான ஹோல்ஸ்டீன் பசுவுக்கு 72ஐத் தாண்டினாலே தீனி குறையும், பால் குறையும், சினை பிடிப்பது தள்ளிப்போகும். பகலில் ஏறிய உடல் சூட்டை இரவில் இறக்கவும் இங்கே வழியில்லை. தண்ணீர் தெளித்தாலும் ஈரக்காற்றில் சரியாக ஆவியாகாது. காற்றாடி வேகமாக ஓடாவிட்டால் கொட்டகையின் புழுக்கம்தான் கூடும்.

திமில் உள்ள இந்திய நாட்டு மாடுகளுக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு. அவற்றின் வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, எண்ணிக்கையிலும் அதிகம். மயிர் குட்டை. உடலுக்குள் உண்டாகும் வெப்பமும் குறைவு. உண்ணித் தொல்லையையும் நன்றாகத் தாங்கும்.

பால் குறைவு என்பது உண்மை. காங்கேயமும் உம்பளாச்சேரியும் உழவுக்கும் வண்டிக்கும் தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்கள். அதனால்தான் நாட்டுப் பசுவுக்கு வெளிநாட்டுக் காளையின் விந்துவைச் செலுத்திக் கலப்பினம் உண்டாக்குகிறார்கள். முதல் தலைமுறை அருமையாக இருக்கும். அதற்கும் மேலே வெளிநாட்டு விந்துவையே செலுத்தினால் அயல் ரத்தம் 50இலிருந்து 75, பிறகு 87.5 விழுக்காடாக ஏறும். வெயில் தாங்கும் குணம் போய்விடும். மறுபடி நல்ல முதல் தலைமுறை வேண்டுமென்றால் தூய நாட்டுப் பசு வேண்டும். பால் பண்ணையின் மூலதனமே அங்கேதான் இருக்கிறது.

ஓர் இனம் பிழைக்குமா என்பதைப் பசுக்களின் எண்ணிக்கையைவிடக் காளைகளின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. காளைகளையும் பசுக்களையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது 'பயனுறு எண்ணிக்கை'. அது 50க்குக் குறையக் கூடாது; குறைந்தால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகிப் பலவீனப்படும். 100 பசுவுக்கு ஒரே காளை என்றால் விடை வெறும் 4. பத்துக் காளை இருந்தால் 36. பதினைந்து இருந்தால்தான் 52. டிராக்டர் வந்ததும் கிராமங்களில் முதலில் விற்கப்பட்டவை காளைகள்தான். புலிக்குளம் இனக் காளைகளை ஜல்லிக்கட்டுக்காக இன்றும் வீட்டில் வைத்து வளர்ப்பது இந்தக் கணக்கில் பெரிய உதவி.

காளைக் கூட்டம் சுருங்கினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு ஹோல்ஸ்டீன் இனமே சாட்சி. 1962இல் அமெரிக்காவில் பிறந்த 'சீஃப்' என்ற காளையின் விந்து உலகெங்கும் பயன்பட்டது. அதன் மரபணு ஒன்றில் பிழை இருந்தது. தாய், தந்தை இரு வழியிலும் அந்தப் பிழை சேர்ந்தால் கரு கலைந்துவிடும். அப்படிக் கலைந்தவை உலகளவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் எனவும், இழப்பு சுமார் 420 மில்லியன் அமெரிக்க டாலர் எனவும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

'விந்தை உறைய வைத்தால் போதாதா?' என்று கேட்பார்கள். மெல்லிய குழாய்களில் அடைத்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்தால் பல பத்தாண்டுகள் கெடாது. குழாயைத் தேடும்போது கொள்கலனின் கழுத்துக்கு மேலே தூக்கி வைத்திருந்தால் மட்டும் பனிப்படிகம் பெருத்து உயிரணுக்கள் சாகும். எடுத்த குழாயை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து இளக்கி, உடனே செலுத்த வேண்டும். நாட்டுப் பசுவின் சினைப்பருவமோ குறுகியது, பல சமயம் இரவில் வந்து போய்விடும். கவனிக்காமல் விட்டால் சினை ஊசி வீண்.

பசுக்கள் அழிந்தபின் விந்தை மட்டும் வைத்து இனத்தை மீட்பது இன்னும் கடினம். வேற்றினப் பசுவில் தொடங்கினால் ஐந்து தலைமுறைக்குப் பிறகுதான் பழைய இனத்தின் ரத்தம் 97 விழுக்காட்டை நெருங்கும். தலைமுறைக்கு நான்கு ஆண்டு என்றாலும் இருபது ஆண்டு. தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணு அப்போதும் திரும்பாது. கேரளத்தின் வெச்சூர் பசுவை 1989 முதல் பேராசிரியர் சோசம்மா ஐப் குழுவினர் மீட்க முடிந்ததற்குக் காரணம், உயிரோடு சில மாடுகளாவது மிஞ்சியிருந்ததே.

சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் 'ஏ2 பால்' வாங்குவோர் பலர் அது நாட்டு மாட்டுப் பால் என்றே நம்புகிறார்கள். பாலில் உள்ள பீட்டா கேசீன் புரதத்தின் 67ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1, வேறுபாடு அவ்வளவுதான். மரபணுச் சோதனையில் பிரித்தெடுத்த ஹோல்ஸ்டீன் பசுவும் ஏ2 பால் தரும். உடல்நல ஆதாயம் பற்றிய வாதமும் உறுதியாகவில்லை. நாட்டு இனத்துக்குக் கைகொடுக்க நினைத்து வாங்குபவர் அட்டைப்பெட்டியில் தேட வேண்டியது மாட்டின் இனப்பெயரையும் பண்ணை இருக்கும் ஊரையும்.