டைலைத் திருப்பிப் பாருங்கள்

உறவினர் ஒருவர் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு கட்டியபோது, சின்னதாக ஒரு நீச்சல் குளத்தையும் சேர்த்துக் கட்டினார். குளியலறைச் சுவருக்கு வாங்கிய நீல டைல்ஸில் நாலைந்து பெட்டி மிஞ்சியிருந்தது. நிறம் பிடித்துப்போனதால் அதிலேயே இன்னும் கொஞ்சம் வாங்கிக் குளத்துக்கும் பதித்துவிட்டார்கள். இரண்டாவது கோடையில் நான் போனபோது குளம் காலியாகக் கிடந்தது. நாணயத்தால் சுவரைத் தட்டினால், உள்ளே வெற்றிடம் என்று சொல்லும் 'டொக் டொக்' சத்தம். பளபளப்பான மேற்பூச்சில் தலைமுடி உதிர்ந்து ஒட்டிக்கொண்டதைப் போல மெல்லிய விரிசல்கள். வீட்டுக்காரர் கொத்தனாரைத் திட்டினார். கொத்தனார் சிமெண்டைத் திட்டினார். டைலின் முதுகை இருவருமே பார்த்திருக்கவில்லை.

மண்பானைக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் என்ன வேறுபாடோ, அதுதான் சுவர் டைலுக்கும் விட்ரிஃபைட் டைலுக்கும். பானையின் நுண்துளைகள் வழியே தண்ணீர் கசியும். ஜாடியில் வருடக்கணக்கில் உப்பும் எண்ணெயும் ஊறினாலும் வெளியே ஈரம் தட்டாது. சுவர் டைல் என்பது முன்பக்கம் மட்டும் கண்ணாடிப் பூச்சு பூசிக்கொண்ட பானை. விட்ரிஃபைட் டைலில் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 1200 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. சர்வதேசத் தரப்படி, இந்த வகை டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. சுவர் டைல் 10 சதவீதத்துக்கு மேலேயே குடிக்கும். ஒரு கிலோ டைல் என்றால், முன்னது 5 கிராம். பின்னது 100 கிராமைத் தாண்டும்.

கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். டைலைக் கவிழ்த்து, பூச்சில்லாத முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுவர் டைல் கண்ணெதிரே உறிஞ்சி, ஈரத்திட்டு விரியும். விட்ரிஃபைடில் சொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். (கடைக்காரர் பார்க்காத நேரத்தில் நாக்கு நுனியை வைத்தாலும் தெரியும், தண்ணீர் குடிக்கும் டைல் நாக்கைப் பிடித்து இழுக்கும்.)

குடித்தால்தான் என்ன? ஈரம் ஏறிய சுட்ட மண் மாதக்கணக்கில் மிக மெல்ல உப்புகிறது. மேலிருக்கும் கண்ணாடிப் பூச்சு உப்புவதில்லை. இழுபட்ட பூச்சு வெடிக்கிறது. அந்த விரிசல் வழியே குளோரின் கலந்த தண்ணீர் உள்ளே போக, நிலைமை மேலும் மோசமாகிறது.

ஆனால் தண்ணீர் குடிக்காத டைலிடம் வேறொரு சிக்கல் இருக்கிறது. வெறும் சிமெண்ட் பால், டைலின் துளைகளுக்குள் புகுந்துதான் பிடிக்கிறது. துளையே இல்லையென்றால் எதைப் பிடிக்கும்? அதனால்தான் விட்ரிஃபைடுக்கும் கண்ணாடி மொசைக்குக்கும் பாலிமர் கலந்த ஒட்டுப்பசை வேண்டும். இதற்கென்றே ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தரம் உண்டு. பசையைப் பல் வைத்த கரணையால் முழுப்பரப்பிலும் இழுத்துவிட வேண்டும். நாலு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை வைத்து அழுத்தும் பழக்கம் குளத்துக்கு ஆகாது. உருண்டைகளுக்கு இடையில் உள்ள காலி இடத்தில் தண்ணீர் போய்க் குடியிருக்கும்.

இனி இடுக்கு. என் பார்வையில், குளத்தில் முதலில் தோற்பது பெரும்பாலும் டைல் அல்ல, இரண்டு டைலுக்கு நடுவில் உள்ள இடுக்கை நிரப்பும் கலவையான கிரவுட்தான். சிமெண்ட் கிரவுட்டில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண்தான் பிஎச். குளத்து நீரின் பிஎச் அளவை 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைத்திருக்கச் சொல்வார்கள். அது கீழே இறங்கி அமிலமானால் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துத் தின்னும். மேலே ஏறினால் நேர்மாறு: ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம், நீர்மட்டக் கோட்டில் வெள்ளைக் கறையாகப் படியும். குளியலறை வாளியில் தேய்த்துத் தேய்த்துக் கை சலிக்கும் அதே கறைதான். சிமெண்டுக்குப் பதில் எபாக்சி என்ற செயற்கைப் பிசினால் ஆன கிரவுட் இந்தக் கரைப்புக்குப் பெரிதாக மசியாது. விலை அதிகம், பூசுவதற்குக் கை வேகமும் வேண்டும். இருந்தாலும் எங்கேயாவது பணத்தைக் கூட்டுவதென்றால் இங்கேதான் கூட்டுவேன்.

வழுக்கலைப் பற்றிக் கேட்டால் கடையில் 'ஆர் 11' என்று ஏதாவது சொல்வார்கள். அது எண்ணெய் ஊற்றிய சரிவில் காலணி போட்டு நடந்து பார்த்துக் கொடுக்கும் எண். குளத்தில் யார் பூட்ஸோடு இறங்குகிறார்கள்? வெறுங்காலுக்கு ஜெர்மானியச் சோதனை ஒன்று தனியாக உண்டு. சோப்புத் தண்ணீர் வழியும் பலகையில் ஆளை நடக்கவிட்டு, சரிவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 12 டிகிரி வரை தாங்கினால் ஏ, 18 என்றால் பி, 24 என்றால் சி. குளத்தைச் சுற்றி நடக்கும் தரைக்கு பி, தண்ணீருக்குள் இறங்கும் படிக்கு சி என்று கேளுங்கள்.

நிறத்தைக் கடைசியில் பார்க்கலாம். நீலக் குளத்துக்கு நீல டைல் வேண்டும் என்பதில்லை. தண்ணீர் சிவப்பொளியை அதிகம் விழுங்குவதால் வெள்ளை டைல் பதித்தாலும் ஆழத்தில் இளநீலம் தெரியும். ஆழம்தான் ஏமாற்றும். ஒளி விலகலால், நேர் மேலிருந்து பார்த்தால் நாலடித் தண்ணீர் மூன்றடி போலத் தெரியும்; சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. கருநீலமோ கறுப்போ பதித்தால் படி எங்கே முடிகிறது என்பதும் புலப்படாது, மூழ்கிக் கிடக்கும் குழந்தையும் எளிதில் கண்ணில் படாது. உறவினர் இரண்டாம் முறை வெள்ளையில் சொரசொரப்பான விட்ரிஃபைட் மொசைக்கைப் பதித்து, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கருநீலத்தில் ஒரே ஒரு வரிசை ஓட்டியிருக்கிறார்.