சுடும் குழாய்க்கு ஒரு சட்டை

பைக் சைலன்சரில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு, வெடிச்சத்தத்தை அடக்கும் குழாய் ஏன் கொதிக்கிறது என்று அதிகம் விளக்க வேண்டியதில்லை. ரைபிளின் முனையில் திருகப்படும் சைலன்சரும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதற்கு 1909-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், இதே தத்துவத்தை எஞ்சின்களின் புகைக்குழாய்க்கும் பயன்படுத்தினார். அவருடைய தந்தைதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். பிற்காலத்தில் அந்தத் தந்தைக்குக் காது கேட்காமல் போனது. இன்று சப்ரஸர் என்றே பெரும்பாலும் அழைக்கப்படும் இந்தக் குழாய்க்கு, அளவெடுத்து உறை தைத்துக் கொடுக்கும் சிறு தொழிலகங்கள் அமெரிக்காவில் இயங்குகின்றன. பார்ப்பதற்குத் தையல் வேலையாகத் தெரியும் இத்தொழிலில் பாதி, வெப்ப இயற்பியல்.

வேட்டையில் பரவலாகப் பயன்படும் 308 வின்செஸ்டர் தோட்டாவில் ஏறக்குறைய 3 கிராம் வெடிமருந்து இருக்கிறது. அது எரியும்போது சுமார் 11 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. இதில் மூன்றில் ஒரு பங்கு அளவே குண்டின் வேகமாக மாறுகிறது. மீதி, குழலின் உலோகத்தைச் சூடாக்குவதிலும் குண்டைத் தொடர்ந்து பாய்ந்துவரும் கொதிவாயுவிலும் செலவாகிறது. அந்த வாயு ஒரேயடியாக வெளியே பாயாதபடி, சப்ரஸருக்குள் இருக்கும் தடுப்புத் தட்டுகள் அதை அறை அறையாக நிறுத்தி விரிய விடுகின்றன. இதனால் 160 டெசிபலைத் தாண்டும் வெடியொலி 20 முதல் 35 டெசிபல் வரை குறைகிறது. சினிமாவில் கேட்கும் மெல்லிய ‘புஸ்’ சத்தம் அல்ல இது. காது செவிடாகாமல் தப்பும் அளவுதான்.

அறைகளில் சுழலும் நேரத்தில் வாயு தன் சூட்டை உலோகத்திடம் விட்டுச் செல்கிறது. அரை கிலோ எடையுள்ள எஃகுச் சப்ரஸரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 250 ஜூல் போதும். ஆகவே ஒவ்வொரு சுடுதலிலும் ஒரே ஒரு கிலோஜூல் தங்கினால்கூட 4 டிகிரி ஏறும். இடைவெளியின்றி முப்பது முறை சுட்டால் 120 டிகிரி ஏறிவிடும். கை பட்டால் கொப்புளம், நைலான் துப்பாக்கிப் பையில் வைத்தால் ஓட்டை.

தொலைதூர இலக்கைச் சுடுபவர்களுக்குக் கொப்புளத்தைவிடப் பெரிய தொல்லை கானல். சூடான குழாய்க்கு மேலே காற்று அடர்த்தி குறைந்து எழுகிறது. அடர்த்தி குறைந்தால் ஒளிவிலகல் எண்ணும் குறையும். குறிநோக்கும் தொலைநோக்கியின் பார்வைக்கோடு அந்தக் காற்றை ஊடுருவியே செல்கிறது. அறை வெப்பநிலையில் ஒரு டிகிரி மாற்றத்துக்கு ஒளிவிலகல் எண் மாறுவது ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் 20 சென்டிமீட்டர் நீளக் குழாயின் மேலே, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி என்ற அளவில் வெப்பநிலை மாறினாலே, 600 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இடம்பெயர்ந்து தெரியும். உண்மையில் அந்த வித்தியாசம் பல டிகிரி இருக்கக்கூடும். அது நிலையாகவும் நிற்பதில்லை. தார்ச்சாலைக் கானலைப் போல இலக்கு நெளிந்துகொண்டே இருக்கும்.

உறையின் வேலை, உலோகத்தின் சூடு வெளிக்காற்றை எட்டுவதைத் தாமதப்படுத்துவது. இதைச் செய்வது துணி அல்ல, துணி இழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும் கரித்துணி ஈரமானால் கையைச் சுடுவதும், மடிப்பை அழுத்திப் பிடித்தால் சூடு சீக்கிரம் ஏறுவதும் இதனால்தான். சப்ரஸர் உறையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால், உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே சூட்டைத் தடுக்க வைக்கும் கம்பளம் நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். தளர்த்திவிட்டால் உறை நகரும். இந்த இரண்டுக்கும் நடுவிலான இடத்தைப் பிடிப்பதற்காகத்தான் அளவெடுத்துத் தைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அளவெடுப்பதில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி ஒவ்வொரு சப்ரஸரும் அதன் உரிமையாளர் பெயரில் பதிவு செய்யப்பட்டிருக்கும். 200 டாலராக இருந்த வரி 2026 தொடக்கத்திலிருந்து பூஜ்ஜியமாக்கப்பட்ட பிறகும் பதிவு முறை நீடிக்கிறது. உறை வெறும் துணி, அதற்குப் பதிவு தேவையில்லை; ஆனால் “அளவு பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சப்ரஸரைத் தையற்காரருக்குப் பார்சலில் அனுப்பிவைக்க முடியாது. சட்டை தைக்க வந்தவர் வீட்டிலேயே இருந்துகொண்டு மார்பளவைத் தொலைபேசியில் சொல்வதைப் போன்றது இது. வாடிக்கையாளர் வெர்னியர் அளவுகோலால் அளந்து அனுப்பும் எண்களை வைத்து, அதே விட்டத்தில் ஒரு மரக்கட்டையையோ குழாயையோ கடைந்துகொண்டு, அதன்மீது போட்டுப் பார்த்துத்தான் தைக்க வேண்டும்.

எண்கள் சரியாக வந்தாலும் புதிதாகத் தைப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்றிருக்கிறது. 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் சுற்றளவு 119 மில்லிமீட்டர். அதன்மேல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பளத்தைச் சுற்றினால் வெளி விட்டம் 48 ஆகிறது. அதன் சுற்றளவு 151. உள்துணியையும் வெளித்துணியையும் ஒரே அகலத்தில் வெட்டித் தைத்தால், வெளித்துணியில் 32 மில்லிமீட்டர் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட அது கம்பளத்தைத்தான் நசுக்கும்.

உள்ளடுக்குக்குக் கண்ணாடி இழை அல்லது சிலிக்கா இழைத்துணியும், வெளியே தேய்மானம் தாங்கும் கார்டுரா நைலானும் வழக்கமான சேர்க்கை. சிலிக்கா துணி 900 டிகிரிக்கு மேலும் தாங்கும். நைலான் 260 டிகிரியை நெருங்கும்போதே உருகிவிடும். ஆகவே உள்ளடுக்கில் நைலான் நூல் கூடவே கூடாது. உருகாமல் கருகும் கெவ்லார் போன்ற அராமிட் நூலால் தைக்கிறார்கள். அந்த நூல் சாதாரணக் கத்தரியின் முனையை மழுக்கிவிடும். நைலான் துணியின் ஓரத்தைச் சூட்டுக்கத்தியால் உருக்கி ஒட்டிவிடலாம், கண்ணாடித் துணியில் அது நடக்காது. வெட்டிய கணத்திலிருந்து இழை பிரிந்துகொண்டே வரும், தூள் தோலில் அரிக்கும், முகக்கவசம் இல்லாமல் வெட்டவும் கூடாது. தையல் விழும் இடமெல்லாம் கம்பளம் நசுங்குவதால், ஒவ்வொரு தையல் வரிசையும் சூடு வெளியேறும் ஒரு பாதையாகிறது. அழகுக்காகக் கட்டம் கட்டமாகத் தைத்த உறைகளின் கோடுகளில் விரல் வைத்துப் பார்த்தால் இது புரிந்துவிடும். புது உறை முதல் முறை சூடாகும்போது இழைகளின் மேற்பூச்சு எரிந்து புகை வருவதும் வழக்கம். அதைச் சீட்டில் எழுதி வைக்காத தொழிலகத்துக்குக் கோபமான தொலைபேசி அழைப்புகள் வரும்.

சுடும்போது ரைபிள் பின்னால் உதைக்கிறது. உறையோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. விளைவு, ஒவ்வொரு முறையும் அது நூலளவு முன்னே நகரும். முனையைத் தாண்டிவிட்டால் அடுத்த குண்டு துணியைத் துளைத்துக்கொண்டு போகும். அதனால்தான் உறையைச் சப்ரஸரின் முன்மூடிக்குச் சில மில்லிமீட்டர் பின்னாலேயே முடித்து, உட்புறத்தில் வெப்பம் தாங்கும் சிலிக்கோன் வரிகளை இட்டுப் பிடிப்பை உண்டாக்குகிறார்கள். சிலிக்கோனின் பொறுமையும் 250 டிகிரி வாக்கில் தீர்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இத்தனைக்குப் பிறகும் உறை எதையும் குளிர்விப்பதில்லை. வெற்று உலோகம் கதிர்வீச்சாக இழக்கும் வெப்பம் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. மிகச் சூடாக இருக்கும்போதுதான் அது மிக வேகமாக ஆறும், உறை தடுப்பதும் அந்த வேகத்தைத்தான். எடை குறைவுக்காக விரும்பப்படும் டைட்டானியக் கலவையோ 400 டிகிரிக்கு மேல் உறுதியை இழந்துகொண்டே போகும். எனவே விவரமறிந்த தொழிலகங்கள் விட்டத்தைக் கேட்பதற்கு முன், குழாய் எந்த உலோகம், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுடுவீர்கள் என்று கேட்டுக்கொள்கின்றன. நிதானமாகப் பத்துப் பதினைந்து முறை சுடுபவருக்கு உறை ஏற்றது. தொடர்ச்சியாகச் சுட்டுத் தள்ளுபவரிடம் உறையே வேண்டாம் என்று சொல்லி ஆர்டரைத் திருப்பிவிடுவது இரு தரப்புக்கும் மலிவு.