செக்யூலர்: சமயச்சார்பின்மையா, உலகியலா?

'செக்யூலர்' என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் 'மதச்சார்பற்ற' என்பார்கள். அரசாங்கத்தைப் பற்றிப் பேசும்போது அது பொருத்தமான சொல்தான். ஆனால் ஒரு மனிதரைக் காட்டி 'இவர் மதச்சார்பற்றவர்' என்றால் என்ன பொருள்? கோவிலுக்குப் போகாதவரா, கடவுள் இல்லை என்பவரா, எல்லாச் சமயத்தாரையும் ஒரே கண்ணோடு பார்ப்பவரா?

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி அன்றாடம் தேவைப்படுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 20 விழுக்காட்டினர் தங்களுக்குச் சமயம் இல்லை என்று பதிந்தார்கள். பௌத்தர்கள் 31.1 விழுக்காடு, கிறிஸ்துவர்கள் 18.9, முஸ்லிம்கள் 15.6, தாவோ சமயத்தார் 8.8, இந்துக்கள் 5. இத்தனை பேருக்கும் பொதுவாக இருப்பது ஒரு செக்யூலர் அரசு. அரசு செக்யூலர், மக்களில் ஐந்தில் நான்கு பேர் சமய நம்பிக்கை உள்ளவர்கள். இரண்டும் முரண்பாடில்லாமல் சேர்ந்திருக்கின்றன என்றால், அந்தச் சொல்லுக்கு 'நம்பிக்கையற்ற' என்ற பொருள் இருக்கவே முடியாது.

சொல்லின் வேர் 'சேகுலும்' என்ற இலத்தீன். ஒரு தலைமுறை, ஓர் ஊழி, மனித ஆயுளின் நீண்ட எல்லை என்று அது காலத்தைக் குறித்தது. ரோமானியர்கள் ஒரு சேகுலும் முடிந்து அடுத்தது தொடங்குவதைப் பெருவிழாவாகக் கொண்டாடினார்கள்; பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 17-இல் நடத்தியது அவற்றுள் பெயர்பெற்றது. அப்புறம் கிறிஸ்துவத் திருச்சபை இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. முடிவில்லாத இறையுலகுக்கு எதிரே நிற்கும், காலத்துக்கு உட்பட்ட இந்த உலகம் என்ற பொருள் அப்போது வந்தது. மடங்களில் விதிமுறைப்படி வாழ்ந்த துறவிகள் ஒருவகைக் குருக்கள். ஊருக்குள் மக்களோடு இருந்து பணியாற்றியவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினரைத்தான் 'செக்யூலர்' குருக்கள் என்றார்கள். இன்று தமிழில் மறைமாவட்டக் குருக்கள் என்கிறோம். ஆக, செக்யூலர் என்ற அடைமொழி பல நூற்றாண்டுகளுக்குப் பாதிரியார்களுக்கே வழங்கியது.

இன்னும் நெருக்கமான சான்று ஜெபத்திலேயே இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-இல் ஓஃபிர் ரோட்டில் கட்டப்பட்ட லூர்து மாதா தேவாலயத்தில், 'ஆதியில் இருந்தது போல இப்பொழுதும் எப்பொழுதும் என்றென்றும் இருப்பதாக' என்று முடியும் மகிமை ஜெபத்தைத் தமிழில் சொல்கிறார்களே, அதில் 'என்றென்றும்' வருமிடத்தில் இலத்தீன் மூலத்தில் இருப்பது 'இன் சேகுலா சேகுலோரும்'. ஊழி ஊழியாக என்று பொருள். அரசியல் மேடையில் முழங்கும் சொல்லும் இந்த ஜெபத்தில் வரும் சொல்லும் ஒரே தாய் பெற்றவை.

கொள்கையின் பெயராக 'செக்யூலரிசம்' பிறந்தது 1851-இல், இங்கிலாந்தில். உருவாக்கியவர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். கூட்டமொன்றில் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லப்போய், தெய்வ நிந்தனை செய்தார் என்று 1842-இல் ஆறு மாதம் சிறையில் கிடந்தவர். நாத்திகர் என்ற பட்டம் ஒருவரை என்ன பாடுபடுத்தும் என்று அனுபவித்து அறிந்தவர். அதனால்தான் கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை ஒருபக்கம் வைத்துவிட்டு, இந்த வாழ்க்கையில் மனிதருக்கு நன்மை செய்வது எப்படி என்பதை மட்டும் பேசும் ஒரு சொல் அவருக்குத் தேவைப்பட்டது. அதே இயக்கத்தில் இருந்த சார்ல்ஸ் பிராட்லாவுக்கு இது ஒப்பவில்லை. கடைசியில் இது நாத்திகத்தில்தான் போய் முடியும் என்றார். இருவரும் 1870-இல் மேடையேறி வாதிட்டார்கள். நாம் இன்று படும் குழப்பம், சொல் பிறந்த இருபது ஆண்டுக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

இந்த அலை சென்னைக்கும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1880-களில் சென்னை லௌகிக சங்கம் இயங்கியது. 'தத்துவ விவேசினி' என்று தமிழில் இதழும் நடத்தினார்கள். அவர்கள் செக்யூலர் என்பதற்கு எடுத்துக்கொண்ட தமிழ்ச்சொல்லைக் கவனியுங்கள்: லௌகிகம். லோகம் என்பதிலிருந்து வந்தது. உலகம் சார்ந்தது என்று பொருள். சேகுலும் என்ற மூலச்சொல்லின் கருத்துக்கு அது மிக அருகில் நிற்கிறது. வடமொழி வேண்டாம் என்பவர்களுக்கு 'உலகியல்' கைவசம் இருக்கிறது. தொல்காப்பியத்திலேயே 'உலகியல் வழக்கு' வருகிறது.

லௌகிகத்தில் 'இல்லை' என்ற பொருள் எங்கும் கிடையாது. 'மதச்சார்பின்மை' இல்லாமையைக் கொண்டு கட்டிய சொல். முதலாவது வாழ்க்கையைப் பார்க்கும் ஒரு முறையைக் குறித்தது. இரண்டாவது, அரசாங்கங்களும் அரசமைப்புச் சட்டங்களும் பேசுபொருளான 20-ஆம் நூற்றாண்டில், ஆட்சியின் ஒரு குணத்தைக் குறிக்க வந்தது. இந்தியாவில் 1976-இல் 42-ஆம் திருத்தம் முகப்புரையில் செக்யூலர் என்ற சொல்லைச் சேர்த்தது. இந்தி வடிவத்தில் அதற்கு 'தர்ம நிரபேக்ஷ' என்று போடாமல் 'பந்த் நிரபேக்ஷ' என்று போட்டார்கள்; பந்த் என்றால் சமய வழி, தர்மம் என்றாலோ அறமும் ஆகும். அறத்தையே சாராத அரசு என்று யாரும் படித்துவிடக்கூடாதே என்ற கவலைக்கு அதில் இடமிருக்கிறது. தமிழில் அந்தச் சிக்கல் எழவில்லை; நமக்கு அறம் வேறு, மதம் வேறு.

அடுத்து, மதமா சமயமா?

மதம் என்பது 'கருத்து, கொள்கை' என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த சொல். 'சம்மதம்' என்பதிலும் இதே மதம்தான் உட்கார்ந்திருக்கிறது. நன்னூலில் பவணந்தியார் நூலாசிரியர் கைக்கொள்ளும் 'எழுவகை மதம்' என்று பட்டியல் போடுகிறார்: பிறர் கருத்தை உடன்படல், மறுத்தல், இருவர் மாறுபட்டால் ஒன்றைத் துணிதல் என்று போகும். அங்கே மதம் என்றால் ஒருவர் எடுக்கும் நிலைப்பாடு. வழிபாட்டோடு தொடர்பே கிடையாது. யானைக்குப் பிடிக்கும் மதம் வடமொழியில் வேறொரு சொல். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'த' என்பதால் ஒன்றாகிவிட்டன. இதை வைத்து 'மதம் பிடித்தவர்கள்' என்று மேடையில் சிலேடை பேசுவது உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. விடிகாலையில் குளித்துவிட்டு மாரியம்மன் கோவிலுக்குப் போய் ஐந்து நிமிடம் கைகூப்பி நிற்கும் ஒருவரை, அவர் செய்யாத குற்றத்துக்கு அந்தச் சிலேடை தண்டிக்கிறது.

சமயம் வேறு வழியில் வந்தது. கூடுதல், உடன்பாடு, தக்க வேளை என்று விரியும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. 'சமை' என்ற தமிழ் வேரிலிருந்து வந்தது என்று சொல்லும் தனித்தமிழ் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும் தமிழில் நெடுங்காலம் புழங்கிய சொல். மணிமேகலையில் பல்வேறு சமயக்கணக்கரின் வாதங்களைக் கேட்பதற்கே ஒரு காதை இருக்கிறது.

அதைவிட முக்கியமானது முதல் காதையில் வருகிறது. புகார் நகரில் இந்திர விழா அறிவிப்பு. முரசறைபவன் ஊராருக்குச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிக்கொண்டே வருகிறான். 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்கிறான். தத்தம் சமயப் பொருளை வாதிப்போர் முறையறிந்து மேடை ஏறுங்கள் என்பது பொருள். தொடர்ந்து, பகைகொண்டவர்களே எதிரில் இருந்தாலும் 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்', சினமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்கிறான். சமயங்கள் பேசலாம், வாதிடலாம், மேடையும் தரப்படும். சண்டைக்கு மட்டும் இடமில்லை என்று அறிவிப்பது அரச முரசு. செக்யூலர் அரசு என்ற கருத்தைத் தமிழில் விளக்க இதைவிடப் பழைய, தெளிவான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சிங்கப்பூர்த் தமிழர்களிடையே வேறு சொற்களும் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் இயல்பாக 'மார்க்கம்' என்பார்கள். சைவர்களுக்கு 'நெறி'. இரண்டுமே வழி என்ற பொருளுடையவை. பழைய தலைமுறைக் கிறிஸ்துவர்களிடம் 'வேதம்' என்ற வழக்கு இருந்தது. எல்லாரும் தயங்காமல் ஏற்கும் பொதுச்சொல்லாக இருப்பது சமயம். தேசியப் பற்றுறுதியின் தமிழ் வடிவத்தில் 'மதம்' என்ற சொல்தான் வருகிறது. ஆனால் சட்டத்தின் பெயர் தமிழில் 'சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம்' என்றே வழங்குகிறது. பொது எழுத்தில் நான் சமயம் என்பதையே எழுதுவேன்.

சரி, 'சார்பின்மை'க்கு வருவோம். சொல்லைக் கேட்டால் அரசு சமயத்தைத் தொடாமல் தள்ளி நிற்கும் என்று தோன்றும். சிங்கப்பூர் அப்படி நிற்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தில் செக்யூலர் என்ற சொல்லே இல்லை. அதன் 15-ஆம் பிரிவு, எவரும் தம் சமயத்தைக் கடைப்பிடிக்கலாம், பரப்பலாம் என்று உரிமை தருகிறது. முஸ்லிம் சமய விவகாரங்களுக்குத் தனிச் சட்டமும், 1968 முதல் முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றமும் உள்ளன. பள்ளிவாசல் கட்டும் நிதிக்கு 1975 முதல் மத்திய சேம நிதி வழியாகவே முஸ்லிம் ஊழியர்களின் பங்களிப்பு போகிறது. ஸ்ரீ மாரியம்மன் கோவில் உள்ளிட்ட நான்கு ஆலயங்களை நிர்வகிக்கும் இந்து அறக்கட்டளை வாரியம், சட்டத்தால் அமைந்த கழகம். பிரான்ஸ் 1905-இல் செய்தது போலத் திருச்சபையை அரசிலிருந்து வெட்டிப் பிரிக்கும் வழியை இந்த நாடு எடுக்கவில்லை. எல்லாச் சமயங்களோடும் கைகோத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதே இங்குள்ள முறை.

அதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1950 டிசம்பரில் மரியா ஹெர்தோ என்ற சிறுமியை யார் வளர்ப்பது என்ற வழக்கு சமயக் கலவரமாக வெடித்து 18 பேர் இறந்தார்கள். 1964 ஜூலை 21-இல் நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது கலவரம் மூண்டது. அதற்குப் பிறகு சமய நடை ஊர்வலங்களுக்குத் தடை வந்தது. இந்துக்களுக்குத் தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்குத் தரப்பட்டது. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கு இருந்த கட்டுப்பாட்டை நினைத்து வருந்தியவர்கள் பலர். 2016-இலிருந்து அது படிப்படியாகத் தளர்ந்தது. 1968-இல் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோதும் பல சமயத்தாரும் எதையாவது விட்டுக்கொடுத்தார்கள். இந்துக்கள் தீபாவளியை வைத்துக்கொண்டு தைப்பூசத்தை இழந்தார்கள். பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுப்பவர் அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார். சார்பின்மைக்கு ஒரு விலை உண்டு. அதைச் சமயங்கள் பங்கிட்டுக்கொண்டன.

அரசியலோடு சமயம் கலக்கும் இடத்தில் கோடு இன்னும் அழுத்தமானது. 1990-இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, பகைமை வளர்க்கும் அல்லது சமயத்தின் பெயரால் அரசியல் நடத்தும் சமயத் தலைவர்மீது தடையாணை பிறப்பிக்கலாம். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டபோது வரை அப்படி ஓர் ஆணைகூடப் பிறப்பிக்கப்படவில்லை. அதற்காக நம்பிக்கையாளர்கள் வாய்மூடி இருக்க வேண்டும் என்று பொருளில்லை. ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியபோது சமய அமைப்புகள் தங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்லின. நீக்கம் நடந்தது, கூடவே திருமணத்தின் வரையறையை முடிவுசெய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே என்று அரசமைப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. சமயக் குரல் கேட்கப்பட்டது, முடிவை மக்கள் பிரதிநிதிகள் எடுத்தார்கள்.

மக்களோ சட்டம் சொல்லித்தராததையும் செய்துகொள்கிறார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் தோங் ஹூட் சோ கோவிலுக்குச் சில அடி தள்ளி ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயம் இருக்கிறது. அதன் வாசலில் சீனக் கோவில்களில் உள்ளதைப் போன்ற ஊதுபத்திக் கலசம். குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனர்கள் அதே கையோடு இங்கேயும் பத்தி ஏற்றி, தலைக்கு மேல் உயர்த்தி, மூன்று முறை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இவர்களை 'மதச்சார்பற்றவர்கள்' என்று யாராவது சொல்வார்களா? இது நம்பிக்கையின் தாராளம். சார்பின்மை அரசுக்கு உரிய அடைமொழி. அதை மனிதர்மேல் ஏற்றினால் இந்த மாதிரிக் காட்சிகளுக்குப் பெயரில்லாமல் போய்விடும்.

ஆகவே பயன்பாட்டில் சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. அரசு, சட்டம், பள்ளி நிர்வாகம் என்றால் சமயச்சார்பின்மை, சமயச்சார்பற்ற. கணக்கெடுப்பில் வரும் 20 விழுக்காட்டினர் சமயம் சாராதவர்கள். கடவுளை மறுப்பவர் இறைமறுப்பாளர் அல்லது நாத்திகர். சமயம் சாராதவரும் இறைமறுப்பாளரும்கூட ஒன்றல்ல. வாழ்க்கை, கலை, கல்வி ஆகியவற்றில் வழிபாடு சாராத பகுதியைச் சொல்ல உலகியல். சிங்கப்பூரின் ஆறு முழுநேர மதரசாக்களில் சமயக் கல்வியோடு கணிதமும் அறிவியலும் கற்பிக்கிறார்கள். ஆங்கிலத்தில் செக்யூலர் பாடங்கள் எனப்படும் அவற்றைச் 'சமயச்சார்பற்ற பாடங்கள்' என்று பெயர்ப்பது கேட்கவே விநோதமாக இருக்கிறது. 'உலகியல் பாடங்கள்' என்றோ 'பொதுப்பாடங்கள்' என்றோ எழுதினால் பிள்ளையின் பாட்டிக்கும் புரியும்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். சமயம், சார்பு இரண்டும் சேரும்போது மகரம் கெட்டுச் 'ச்' மிகும். 'சமய சார்பற்ற', 'மத சார்பற்ற' என்று ஒற்றில்லாமல் எழுதுவது அறிவிப்புப் பலகைகளிலும் இணையத்திலும் பெருகிவிட்டது. 'சமயச்சார்பற்ற' என்பதே சரி. 'நல்லிணக்கம்' சேரும்போது ஒற்று வராது: சமய நல்லிணக்கம்.