பேட்டா: ஓட்டுநரின் படி

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஏற்காடு, ஊட்டி என்று சுற்றுலாவுக்குக் கார் பேசினால், கிலோமீட்டர் வாடகையைச் சொன்ன கையோடு 'டோல், பார்க்கிங், பேட்டா தனி' என்பார்கள். டோலுக்கு ரசீது உண்டு, பார்க்கிங்குக்குச் சீட்டு உண்டு. பேட்டாவுக்கு இரண்டும் இல்லை. கணக்கு முடிக்கையில் தகராறு பெரும்பாலும் இங்கேதான் கிளம்புகிறது.

வெளியூர் போகிற ஓட்டுநரின் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் நாள் கணக்கில் தருவது பேட்டா. கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் புழங்கிய சொல் இது. 1766இல் வங்காளத்தில் ராபர்ட் கிளைவ் 'இரட்டை பேட்டா' என்ற இருமடங்குப் படியை நிறுத்தியதும் வெள்ளைக்கார அதிகாரிகள் கூட்டமாகப் பதவி விலக முனைந்தார்கள். இன்றும் கோர்ட்டில் சம்மன் அனுப்ப 'பேட்டா கட்டியாச்சா?' என்றுதான் கேட்கிறார்கள்.

சோற்றைக் குறிக்கும் 'பக்த' என்ற வடசொல்தான் இதன் வேர் என்பது பரவலான கருத்து. ஓசூர், தளிப் பக்கத்தாருக்கு இதை விளக்கவே வேண்டாம்: கன்னடத்தில் 'பத்த' என்றால் நெல், 'பத்யெ' என்றால் படி. அகவிலைப்படிக்கு அங்கே 'துட்டி பத்யெ' என்று பெயர்.

தமிழிலும் இதே கதைதான். எட்டு ஆழாக்கு கொண்ட படியால் தானியம் அளந்து கொடுத்ததால் கூலியோடு சேரும் தொகைக்கும் படி என்றே பெயர் நின்றது. படியளப்பவர் என்கிறோம், பயணப்படி, அகவிலைப்படி என்று அரசாணையிலும் எழுதுகிறோம். எனவே பேட்டாவுக்குச் சரியான தமிழ் 'ஓட்டுநர் படி'. 'கூடுதல் கட்டணம்' என்று எழுதுவது தவறு. அந்தப் பெயருக்குள் எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம்.

நுழைக்கவும் செய்கிறார்கள். இரவு பத்து மணி தாண்டினால் 'நைட் பேட்டா', மலை ஏறினால் 'ஹில்ஸ் பேட்டா'. ஹில்ஸ் பேட்டா பல இடங்களில் வண்டி முதலாளிக்குப் போகிற பணம். ஓட்டுநர் கைக்கு வருவதில்லை. அது வாடகையின் பகுதி, படி ஆகாது.

இதைவிடப் பெரிய தொகை 'நாள்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. பல டிராவல்ஸில் நாள் என்பது நள்ளிரவு 12 முதல் நள்ளிரவு 12 வரை. நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்றும் கணக்கு வைப்பார்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்வர நூறு கிலோமீட்டருக்குள்தான். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்தால் 1,400 ரூபாய்கூட ஆகாது. பில்லில் 250 கிலோமீட்டருக்கான 3,500 நிற்கும். ஏற்காட்டிலிருந்து திரும்பும்போது தொப்பூரில் லாரி கவிழ்ந்து பாதை அடைபட்டு, வீடு சேர 12:30 ஆகிவிட்டால் இரண்டாம் நாள் பிறந்துவிடும்: இன்னொரு 3,500, இன்னொரு பேட்டா. வண்டி பேசும்போதே '24 மணி நேரக் கணக்கா, தேதிக் கணக்கா?' என்று கேட்டுவிடுங்கள். ஒகேனக்கல் போன்ற கிட்டத்துப் பயணத்துக்கு மொத்த வாடகை பேசுவதே லாபம்.

அடுத்தது 'ஷெட் டு ஷெட்': வண்டி தன் இடத்திலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பும்வரை கிலோமீட்டர் கணக்கு. வண்டி ஓசூரில் நின்று, நீங்கள் கிருஷ்ணகிரியில் ஏறினால், வரப் போக நூறு கிலோமீட்டர் உங்கள் தலையில் விழும். ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் படம் எடுத்துவையுங்கள். பெங்களூரு, மைசூரு போவதென்றால் கர்நாடகப் பர்மிட் செலவு யாருடையது என்பதையும் எல்லையிலுள்ள அத்திப்பள்ளி வருமுன் பேசி முடித்துவிட வேண்டும்.

ஓட்டுநர் படியில் மட்டும் கை இறுக்க வேண்டாம். முந்தின இரவு தூங்காமல் வண்டி எடுத்தவரிடம்தான் நாம் குடும்பத்தோடு ஏறுகிறோம். எவ்வளவு, சாப்பாடு அதில் அடங்குமா, யார் கையில் தருவது என்ற மூன்றையும் முதலாளியிடம் முன்கூட்டிக் கேட்டு, வாட்ஸ்அப்பில் இப்படி எழுதி வாங்குங்கள்: 'ஓட்டுநர் படி 24 மணி நேரத்துக்கு இவ்வளவு, சாப்பாடு உட்பட, ஓட்டுநரிடமே தரப்படும், வேறு பேட்டா இல்லை.'