புளிப்பைத் தின்னும் வெயில்

ஒரே தோட்டம், ஒரே திராட்சை. ஒரு வருட ஒயின் சுள்ளென்று புளிக்கிறது, அடுத்த வருடம் சப்பென்று இருக்கிறதே, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இத்தாலியின் வெள்ளை ஒயின்களில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது.

சர்க்கரைக் கணக்கு எளிது. சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் 1 சதவீத ஆல்கஹால். மிச்சம் 4 கிராமுக்குள் அடங்கினால் அது 'ட்ரை' ஒயின். இனிப்பு மூடிமறைக்காததால், இதில் புளிப்பின் ஏற்ற இறக்கம் அப்படியே நாக்கில் படும்.

திராட்சையில் முக்கியமான அமிலங்கள் இரண்டு. நம் புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் வெயிலுக்கு லேசில் அசையாது. மாலிக் அமிலம் அப்படியல்ல. காய் பழுக்கத் தொடங்கியதும் பழத்தின் செல்கள் சுவாசிப்பதற்கு அதையே எரிக்கின்றன. வெப்பம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். செல்கள் இரவிலும் சுவாசிப்பதால், பகல் வெயிலைப் போலவே இரவுக் குளிரும் கணக்கில் வரும். வெயிலுக்குப் பேர்போன சிசிலியில், எட்னா எரிமலையின் கிழக்குச் சரிவில் விளையும் காரிகாந்தே என்ற வெள்ளைத் திராட்சை அக்டோபரில் பறிக்கும்போதும் புளிப்பு குறையாமல் நிற்பதற்கு மலைக் குளிரும் ஒரு காரணம். எனக்கு மிகப் பிடித்த சான்று இதுதான்.

2003-இன் கடும் வெப்பத்தில் பல இடங்களில் மாலிக் கரைந்துபோனது. முன்கூட்டிப் பறித்தால் புளிப்பு தங்கும், மணம் முதிராது. 2014-இல் வட இத்தாலியில் நேரெதிர்: மழை, குறைந்த சர்க்கரை, குலைகளில் பூஞ்சை. அழுகல் பூஞ்சையின் லாக்கேஸ் நொதி சாற்றைப் பழுப்பாக்கிவிடும்.

புளிப்பு குறைந்தால் ருசி மட்டும் போவதில்லை. புளிப்பை அளக்கும் பிஹெச் எண், புளிப்பு குறையக் குறைய ஏறும். ஒயின் கெடாமல் காக்கச் சேர்ப்பது கந்தக டை ஆக்ஸைடு. பிஹெச் 3.2-இல் அது லிட்டருக்குச் சுமார் 21 மில்லிகிராமில் தரும் பாதுகாப்புக்கு, 3.5-இல் 40 மில்லிகிராம் வேண்டும்.

பிறை பார்த்துப் பறிக்கும் நாளைக் குறிப்பவர்கள் இன்றும் உண்டு. நிலவுக்கு மாலிக் கணக்கு தெரியாது. பிஹெச் மீட்டருக்குத்தான் ஓரளவாவது தெரியும். வாரம் இரு முறை, வரிசையின் இரு பக்கமும், குலையின் மேலும் கீழுமாக நூறு பழமாவது எடுத்துப் பிழிந்து அளக்க வேண்டும். அளப்பதற்கு வெயில் பட்ட பழங்களையே எடுத்தால் சர்க்கரை கூடுதலாகக் காட்டும். அதை நம்பி அவசரப்பட்டுப் பறித்தால், முழுச் சாறும் தொட்டிக்குள் போன பிறகுதான் பச்சைப் புளிப்பு தெரியவரும்.