‘பேட்டரி கரண்ட்தானே!’

போன வாரம் ஒரு வீட்டிலிருந்து போன். “அண்ணா, பெயிண்டர் தம்பி ஷாக் அடிச்சு ஸ்டூல்லேர்ந்து விழுந்துட்டான். கரண்டே இல்லாதப்ப எப்படிண்ணா ஷாக் அடிக்கும்?”

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 மணிக்கே சப்ளையை நிறுத்திவிட்டார்கள். ஃபேனைக் கழற்றிவிட்டு சீலிங்குக்குப் பெயிண்ட் அடிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று வீட்டுக்காரர் நினைத்திருக்கிறார். ஹால் மூலையில் இன்வெர்ட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மணிக்கட்டு முறிந்ததோடு தப்பித்தார். எலக்ட்ரீஷியனான எனக்கு இந்த வருடம் வந்த மூன்றாவது போன் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் போய்க் கேட்டதும் வீட்டுக்காரர் சொன்ன பதில்தான் என்னை எரிச்சலாக்கியது: “அது பேட்டரி கரண்ட்தானே, 12 வோல்ட்தானே?” மூன்று வீட்டிலும் இதே வார்த்தை. ஐயா, 12 வோல்ட் பேட்டரிக்குள்தான். காய்ந்த கையால் பேட்டரியின் இரண்டு முனையைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, உண்மைதான். அந்தத் தைரியத்தில்தான் இப்படிப் பேசுகிறீர்கள். கிணற்றுத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது என்பதற்காக மோட்டார் ஓடும்போது குழாய் வாயில் முகத்தை வைப்பீர்களா? ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது. அவை 230 வோல்ட் ஃபேன், 230 வோல்ட் லைட். அவற்றுக்குப் போகிற கரண்ட் 12 வோல்ட்டாக எப்படி இருக்கும்? பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி அனுப்புவதுதானே இன்வெர்ட்டரின் வேலை? 900 விஏ இன்வெர்ட்டர் ஏறக்குறைய 4 ஆம்பியர், அதாவது 4,000 மில்லி ஆம்பியர் தரும். கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டித்து ஆள் உயிரைக் காக்க வைக்கிற ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்கே டிரிப் ஆகும்படி செய்யப்பட்டது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

“மெயினை ஆஃப் செய்துவிட்டேனே” என்பது அடுத்தது. மெயினை ஆஃப் செய்தால் இன்வெர்ட்டருக்கு அது பவர் கட். உடனே பேட்டரிக்கு மாறி, அதே ஒயரில் சப்ளை கொடுக்கும். அதற்காகத்தானே காசு கொடுத்து வாங்கினீர்கள்? சிலர் மெயினைத் தொடாமல் இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை மட்டும் அணைக்கிறார்கள். ஈ.பி. சப்ளை இருந்தால் அது இன்வெர்ட்டர் வழியாகவே நேராகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும். பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைனை டிபி பாக்ஸுக்குள் (வீட்டு லைன்கள் எல்லாம் பிரிகிற பெட்டி) கொண்டுவராமல் தனி ஒயராக சுவிட்ச் போர்டுகளுக்கு இழுத்திருப்பார்கள். அங்கே பெட்டியில் இருக்கிற எம்சிபி சுவிட்சை எத்தனை தடவை தட்டினாலும் பயனில்லை.

டெஸ்டரையும் முழுசாக நம்பாதீர்கள். நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) துண்டாகியிருக்கும்போது இன்வெர்ட்டர் லைனில் டெஸ்டர் மங்கலாக எரியும், எரியாமலும் போகும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் ஹோல்டரில் பல்பு மாட்டிப் பாருங்கள். ஆர்சிசிபி இருக்கிறதே என்கிறீர்களா? பேட்டரியில் ஓடும்போது அது வேலை செய்யுமா என்பது நியூட்ரலை எப்படி இழுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துவிட்டால் எந்த ஆர்சிசிபியும் காப்பாற்றாது. (இன்வெர்ட்டர் மாட்டியதும் ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதையே கழற்றிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. நியூட்ரல் எங்கோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பிரிக்கச் சொல்லுங்கள். கழற்ற நான் வர மாட்டேன்.)

எனக்கு வருகிற மற்ற புகார்களில் பாதிக்கு ஆளே தேவையில்லை. ஈ.பி. இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடுகிறதா? பின்பக்கத்தில் இன்புட் பிரேக்கர் பொத்தான் வெளியே தள்ளியிருக்கும், ஒரு தடவை அழுத்துங்கள். மறுபடி தள்ளினால் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஓவர்லோட் விளக்கு எரிந்தால் அயர்ன் பாக்ஸ் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள், இன்வெர்ட்டர் மேல் கோபப்படாதீர்கள். பேக்கப் குறைந்தால் முதலில் தண்ணீர் அளவு. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். ஆர்.ஓ. தண்ணீர் அது ஆகாது, ஆசிட் ஊற்றவே கூடாது. மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பூஜை அலமாரிக்குக் கீழே பேட்டரி வைத்திருக்கிறவர்களே, தயவுசெய்து இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள். காற்றோட்டமான மூலை போதும்.

அந்த வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை, தன்னையும் திட்டிக்கொள்ளவில்லை. “ஒரு போர்டு எழுதிக் கொடுங்க தம்பி” என்றார். டிபி பாக்ஸ் மூடியில் கறுப்பு மார்க்கரால் எழுதிவிட்டு வந்தேன்: ‘மெயின் ஆஃப். இன்வெர்ட்டரும் ஆஃப். பல்பு போட்டுப் பார்த்துவிட்டுத் தொடு.’ அடுத்த பராமரிப்பு நாளில் அந்த ஃபேனைத் திரும்ப மாட்ட என்னையே வரச் சொல்லியிருக்கிறார்.